டிராக்டரின் எச்சரிக்கை விளக்குகள்

டிராக்டர் ஓட்டும் உழவர்களில் பலர், ஸ்டீரிங்கிற்கு முன்னால் உள்ள பலகையில் டீசல் முள்ளை மட்டுமே பார்க்கின்றனர். மற்ற விளக்குகளும் முட்களும் எதைக் காட்டுகின்றன என்பதை அறியாததால், சிறிய செலவில் முடிய வேண்டிய பழுது, எஞ்சினையே பிரித்துக் கட்டும் அளவுக்குப் போய்விடுகிறது. நடவுக்கு நாற்று தயாராக நிற்கும்போது டிராக்டர் பட்டறையில் கிடந்தால், பணத்தோடு பருவமும் தவறிவிடும்.

காலையில் சாவியைத் திருப்பியவுடன், எஞ்சினைக் கிளப்பும் முன்பாக, எண்ணெய் விளக்கும் பாட்டரி விளக்கும் எரிய வேண்டும். கிளப்பிய சில வினாடிகளில் இரண்டும் அணைந்துவிட வேண்டும். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பல்பு போயிருக்கலாம், கம்பி விட்டிருக்கலாம். ஒரு கிராமத்தில் நான் பார்த்த டிராக்டரில் எண்ணெய் விளக்கின் கம்பியே கழற்றி விடப்பட்டிருந்தது. காரணம் கேட்டதற்கு, "சும்மா சும்மா எரியுதுங்க, அதான் கழட்டி விட்டுட்டேன்" என்றார் ஓட்டுநர்.

எண்ணெய் விளக்கு

எண்ணெய்க் குவளை வடிவில் உள்ள இச்சிவப்பு விளக்கு, எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை. அதன் அழுத்தத்தையே காட்டுகிறது. எஞ்சினுள் வேகமாகச் சுழலும் கிராங்க் தண்டும் அதன் பேரிங்குகளும் ஒன்றையொன்று தேய்க்காமல் இருப்பதற்கு, அவற்றின் இடையே பம்பு அழுத்தித் தரும் மெல்லிய எண்ணெய்ப் படலமே காரணம். அழுத்தம் குறைந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உராயும். அதன்பின் பேரிங் உருகி எஞ்சின் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. எனவே, ஓட்டத்தில் இவ்விளக்கு எரிந்தால் சால் முடியட்டும் என்று காத்திராமல், ஸ்டாப் குமிழை இழுத்து எஞ்சினை அங்கேயே நிறுத்த வேண்டும்.

பிறகு டிராக்டரைச் சமதளத்திற்குத் தள்ளி அல்லது வேறு வண்டியால் இழுத்து நிறுத்தி, சற்று நேரம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவும். எண்ணெய் குறைவாக இருந்தால் ஒழுக்கு எங்கே என்று பார்த்துச் சரிசெய்த பின்னரே ஊற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அழுத்தம் உண்மையிலேயே குறைந்ததா, விளக்கை இயக்கும் சுவிட்ச் கெட்டதா என்பதை மெக்கானிக் அளவுமானி பொருத்திப் பார்த்துச் சொல்லும் வரை கிளப்ப வேண்டாம். எண்ணெய் அளவு தானாகவே உயர்ந்திருந்தாலும் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. டீசல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கலாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

சேற்றுழவில் டிராக்டர் ஒருபுறம் மிகவும் சாயும்போது விளக்கு கண் சிமிட்டுவதுண்டு. எண்ணெய் குறைவாக உள்ளபோது பம்பு காற்றை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். இதையும் அலட்சியப்படுத்தலாகாது.

பாட்டரி விளக்கும் சூடு முள்ளும்

ஓட்டத்தில் பாட்டரி விளக்கு எரிந்தால் மின்னேற்றம் நடைபெறவில்லை என்று அறியலாம். பழைய வகை டீசல் எஞ்சினுக்கு ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால், பல டிராக்டர்களில் ஒரே பேன் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், விசிறி, தண்ணீர்ப் பம்பு ஆகிய மூன்றையும் சுழற்றுகிறது. ஆகவே முதலில் எஞ்சினை நிறுத்தாமல் சூடு முள்ளைப் பார்த்து, விசிறி சுற்றுகிறதா என்றும் எட்ட நின்று கவனிக்கவும். விசிறி நின்றிருந்தால் பெல்ட் அறுந்துவிட்டது. உடனே எஞ்சினை நிறுத்தவும். விசிறி சுற்றி, முள்ளும் பச்சையில் இருந்தால், எஞ்சினை அணைக்காமல் வீடு வந்து சேரலாம். அணைத்தால் மீண்டும் கிளம்பாமல் போகலாம்.

பெல்ட் நன்றாக இருந்தும் முள் சிவப்பை எட்டினால், பெரும்பாலும் ரேடியேட்டர் வலையில் தூசும் வைக்கோல் துகளும் அடைத்திருக்கும். கதிரடிப்புக் காலத்தில் இது அடிக்கடி நேரும். சுமையை விடுவித்து, இரண்டு மூன்று நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நிறுத்தவும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பொறுக்காமல் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சின் ஹெட் வெடிப்பு விடும். தண்ணீர் முழுதும் வற்றிவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாமலும் போகலாம் என்பதால், காலைதோறும் நீர்மட்டத்தைப் பார்ப்பது அவசியம்.

காற்று வடிகட்டி அடைத்தால் சிவப்புக் காட்டும் குறிகாட்டியும் சில டிராக்டர்களில் உண்டு. புழுதி உழவில் அதைக் கவனிக்கவும். மணிமானிக்கு விளக்கு இல்லை. எண்ணெய் மாற்றும் கெடுவை நாமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பல டிராக்டர்களில் அது 250 மணி. உங்கள் கைப்புத்தகத்தில் உள்ளதே சரியான கணக்கு.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்கள் புதிய புகை விதிகளின்படி வருகின்றன. இவற்றில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் பாட்டரியைக் கழற்றி மாட்டி அணைக்க முயல்வது பயன் தராது. பழுதின் குறிப்பைக் கருவி கொண்டு படிக்க வேண்டும். புகைக்கரி வடிகட்டி உள்ள டிராக்டர்களில், சேர்ந்த கரியை எரிக்கும்போது தனி விளக்கு எரியும். அப்போது புகைக்குழாய் வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருக்கும் என்பதால், வைக்கோல் போர், கரும்புச் சோகை ஆகியவற்றின் அருகே டிராக்டரை நிறுத்தக் கூடாது.