மங்கலாக எரியும் லேசர் பேனா

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கீற்றணிச் சோதனை செய்வதற்காக, மாணவர் ஒருவர் கடைத்தெருவில் வாங்கிய லேசர் பேனாவைக் கொண்டு வந்திருந்தார். பொத்தானை அழுத்தினார், சுவரில் சிவப்புப் புள்ளி விழவில்லை. உடனே அவர் என்ன செய்தார் தெரியுமா? டார்ச் விளக்கு எரியாவிட்டால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். பேனாவை முகத்துக்கு நேராகத் திருப்பி, துளைக்குள் எட்டிப் பார்த்தபடி மீண்டும் அழுத்தப் போனார். நான் சட்டென்று கையைப் பிடித்து மேலே தூக்கினேன். அந்தக் குலுக்கலில் உள்ளே எதுவோ தொட்டுக்கொண்டது. கூரையில் பளிச்சென்று சிவப்புப் புள்ளி தோன்றியது! அரை நொடி முன்னதாக எரிந்திருந்தால் அது எங்கே விழுந்திருக்கும் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. அன்று மாலை வரை அவர் அதிகம் பேசவில்லை.

"இத்தனை சிறிய பேனாவுக்கா இவ்வளவு பயம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. வெயிலில் நம் கண்ணின் பாவை சுருங்கி 2 மில்லிமீட்டர் விட்டமே இருக்கும். அதன் வழியே உள்ளே புகுவது சுமார் 3 மில்லிவாட். கண்ணின் லென்சு அதைக் குவித்து, விழித்திரையில் 0.16 மி.மீ. விட்டமுள்ள சூரிய பிம்பத்தை உண்டாக்குகிறது. லேசரோ கிட்டத்தட்ட இணைகற்றை. ஆதலால் அது 0.02 மி.மீ. அளவுள்ள புள்ளியாகக் குவிந்துவிடும். விட்டம் எட்டில் ஒரு பங்கானால் பரப்பு அறுபத்து நான்கில் ஒரு பங்கு அல்லவா? ஆக, 5 மில்லிவாட் லேசர் முழுவதும் கண்ணுக்குள் புகுந்தால், விழித்திரையில் அதன் செறிவு சூரிய பிம்பத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்காகிறது. கண் கூசி இமை மூடுவதற்குக் கால் நொடி ஆகும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அந்த இமைப்பே போதிய காப்பு. மலிவுப் பேனாவில் ஒட்டியுள்ள சீட்டில் "1 மில்லிவாட்" என்று இருந்தாலும் நான் அதை நம்புவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பழுது பார்க்கும்போது ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ உடன் இருக்கட்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள்; களிமண்ணில் பதித்து மேசைமேல் நிறுத்துங்கள். முனை, வழவழப்பில்லாத ஓர் அட்டையை நோக்கி இருக்க வேண்டும். பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் நன்றாக உதவும். அந்தப் பக்கம் கண்ணாடி அலமாரி, எவர்சில்வர் பாத்திரம், ஜன்னல் எதுவும் வேண்டாம். எல்லோரும் பேனாவுக்குப் பின்னால் நின்று, அட்டையில் விழும் புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும். பேனாவின் துளையைப் பார்க்க வேண்டிய தேவை எந்தப் பழுதுக்கும் இல்லை. உள்ளே கை வைக்கும்போதெல்லாம் செல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

முதலில் செல். இத்தகைய பேனாக்கள் பலவற்றில் எல்.ஆர்.44 வகைப் பட்டன் செல்கள் மூன்று தொடராக இருக்கும்; மொத்தம் 4.5 வோல்ட். மல்டிமீட்டரை வைத்தால் பழைய செல்லும் 1.4 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றும். மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், செல்லின் அகமின்தடை அப்போது வெளியே தெரிவதில்லை. செல்லின் இரு முனைகளுக்கு இடையே 100 ஓம் மின்தடையை இணைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். நல்ல செல் அதிகம் இறங்காது. ஓய்ந்த செல் 1 வோல்ட்டுக்கும் கீழே சரிந்துவிடும். புதிய செல் போடும்போது திசையையும் கவனியுங்கள். சில பேனாக்களில் அது டார்ச் விளக்குக்கு நேர்மாறாக இருக்கும்.

செல் நன்றாக இருந்தும் எரியவில்லையா? அடுத்த சந்தேகம் தொடுமுனைகள்மீது. செல் கசிந்திருந்தால் ஸ்பிரிங்கின்மேல் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும். கசிந்தது காரப்பொருள். ஆகவே பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் மீண்டும் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு கையைக் கழுவுங்கள். பலரும் மறப்பது மூடியின் மரையை. இந்தப் பேனாக்களில் உலோக உடலே ஒரு கம்பியாக வேலை செய்கிறது. மின்னோட்டம் மரை வழியாகத்தான் போக வேண்டும். மரையில் பெயின்ட்டோ அழுக்கோ இருந்தால் சுற்று அறுந்துவிடும். எங்கள் மாணவரின் பேனாவில் இருந்த பழுதும் இதுதான். உப்புத்தாளால் மரையை நாலு தேய்ப்புத் தேய்த்தார், புள்ளி விழுந்தது. அன்றே கீற்றணியை வைத்து அலைநீளத்தையும் கண்டுபிடித்தார்: 652 நானோமீட்டர். பேனாவின் சீட்டு 650 என்றது. அந்த ஓர் எண்ணிலாவது சீட்டு பொய் சொல்லவில்லை!

இனி, எரிகிறது ஆனால் மங்கலாக எரிகிறது என்ற நிலை. இங்கே சுவையான இயற்பியல் இருக்கிறது. டார்ச் பல்பில் மின்னோட்டம் குறையக் குறைய ஒளியும் படிப்படியாகக் குறையும். லேசர் டையோடு அப்படியன்று. அதற்கு ஒரு தொடக்க மின்னோட்டம் உண்டு. பல சிவப்பு டையோடுகளில் இது 20 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். அதற்குக் கீழே அது சாதாரண எல்.இ.டி. போலப் பரவலாக, மங்கலாக ஒளிரும். அந்த எல்லையைத் தாண்டியதும்தான் லேசர் ஒளி சட்டென்று எழுகிறது. செல் ஓய்ந்திருந்தால் மங்கலுக்குக் காரணம் இதுவே. புதிய செல் போட்டும் அதே மங்கல் என்றால் டையோடு கெட்டுவிட்டது; வேறு பேனா வாங்குவதுதான் வழி.

சிலர் "இன்னும் ஒரு செல் சேர்த்தால் பளிச்சென்று எரியும்" என்று அடாப்டரை இணைப்பார்கள். மலிவுப் பேனாக்கள் பலவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறு மின்தடை மட்டுமே இருக்கிறது. அதிக வோல்ட் கொடுத்தால் டையோடு நொடியில் கருகும்; கருகாமல் தப்பினால், கைக்குள் இருப்பது முன்னைவிட ஆபத்தான லேசர்.

இதுவரை சொன்னது சிவப்புப் பேனாவுக்கு. பச்சைப் பேனா முற்றிலும் வேறு சங்கதி. வழக்கமான பச்சைப் பேனாவில் பச்சை ஒளி தரும் டையோடே இல்லை. உள்ளே இருப்பது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு. அது ஒரு படிகத்தைத் தூண்ட, அங்கே 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் பிறக்கிறது. இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்க, 532 நானோமீட்டர் பச்சை ஒளி வெளிவருகிறது. மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். மலிவுப் பேனா செய்பவர் முதலில் மிச்சம் பிடிப்பது அந்த வடிகட்டியில்தான்.

இரண்டாவது படிகம் சற்றே நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மங்கும், அகச்சிவப்பு அப்படியே வந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் தரங்களுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய நிலையத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் இதை வெளியிட்டார்கள். 15 டாலருக்கு வாங்கிய, 10 மில்லிவாட் என்று குறித்த பச்சைப் பேனா ஒன்று மங்கலாகவே எரிந்தது. அளந்தபோது ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பை உமிழ்ந்துகொண்டிருந்தது! அதே நிலையம் 122 பேனாக்களைச் சோதித்து 2013-இல் சொன்ன முடிவு: பச்சைப் பேனாக்களில் சுமார் 90 விழுக்காடும், சிவப்பில் சுமார் 44 விழுக்காடும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. சீட்டை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் கூசாது. கூசாததால் இமை மூடாது. பாவையும் சுருங்காது. ஆனால் 808, 1064 இரண்டும் கண்ணின் லென்சைக் கடந்து விழித்திரை வரை போகக்கூடியவை. மங்கலாக இருக்கிறதே என்று உற்றுப் பார்ப்பவர்தான் அதிகம் கெட்டுப்போவார். டி.வி. ரிமோட்டின் ஒளியைச் செல்பேசிக் கேமராவில் பார்ப்பதுபோல் இதையும் பார்த்துவிடலாமே என்று நினைக்க வேண்டாம். பல கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

ஆகவே புதிய செல் போட்ட பிறகும் பச்சைப் பேனா மங்கலாக எரிந்தால் அதைப் பிரிக்காதீர்கள், லென்சைத் திருகாதீர்கள். செல்களைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். எங்கள் ஆய்வக அலமாரியில் அப்படி இரண்டு பேனாக்கள் செல் இல்லாமல் கிடக்கின்றன. கழற்றிய பட்டன் செல்களைத் தம்பி தங்கைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் அந்த இடத்தையே அரித்துவிடும். அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.