மோட்டார் வண்டியிலுள்ள மின்சாரம்

கல்முனைக் கரையில் வைகறைத் தொழுகை முடிந்து மக்கள் பள்ளிவாசலினின்றும் வெளிவரும் வேளையிலேயே, பெருவீதியில் மோட்டார் வண்டிகளின் ஓசை எழத் தொடங்கிவிடும். மருதமுனையிலிருந்து கைத்தறித் துணியும், சாய்ந்தமருதுக் கரையிலிருந்து மீனும் ஏற்றிய வாகனங்கள் விரையும். நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களை நோக்கி உழவு இயந்திரங்கள் செல்லும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனறாகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் நெடுஞ்சாலையும் இவ்வூர்களினூடாகவே செல்கின்றது. ஆகவே, வண்டி திருத்தும் கராச்சுகளும் அவற்றிலே தொழில் பழகும் இளைஞர்களும் இங்கு பலர்.

இவ்விளைஞர்களிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கின்றது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற் அழுத்தமுடையது. அது உயிரைக் கொல்லும். வண்டியின் பற்றரியோ 12 வோல்ற்றுத்தானே, அதனை வெறுங்கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்பர். இதிற் பாதி உண்மை. உலர்ந்த கையால் பற்றரியின் இரு முனைகளையும் தொடுபவருக்கு அதிர்ச்சி உண்டாவதில்லை. ஆனால் அதிர்ச்சி ஒன்றே மின்சாரத்தின் ஆபத்து என்று கொள்வதுதான் பிழை.

மின்னழுத்தம் என்பது வேறு. மின்னோட்டம் என்பது வேறு. உயரத்திலிருந்து ஒழுகும் மெல்லிய நீர்த்தாரையையும், தாழ்ந்த மதகினூடாகப் புரண்டோடும் வாய்க்கால் நீரையும் ஒப்பிட்டால் இது விளங்கும். வீட்டிலுள்ள 60 உவாற்று மின்குமிழ் ஏறக்குறைய கால் அம்பியர் மின்னோட்டத்தையே பெறுகின்றது. ஒரு சிறிய மோட்டார் வண்டியைக் கிளப்பும்போதோ, பற்றரியிலிருந்து நூறு அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்கின்றது. முன்னாளில் வண்டியைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினர். அது பின்னோக்கி அடித்துப் பலருடைய கை எலும்புகளை முறித்தது. 1912 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டியில் மின்சாரத்தாற் கிளப்பும் கருவி பொருத்தப்பட்டதன் பின்னர் அவ்வாபத்து மெல்ல நீங்கியது. ஆயினும் இயந்திரத்தின் அருகிலேயே பெரும் மின்வலிமை குடிபுகுந்தது.

அவ்வலிமை வெளிப்படும் விதம் யாது? பற்றரியின் ஒரு முனை வண்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். மற்ற முனையை ஒருவர் ஸ்பனரால் கழற்றும்போது, ஸ்பனரின் மறுநுனி வண்டியின் இரும்பிலே பட்டால் மின்சுற்று முழுமையாகிவிடும். பல நூறு அம்பியர் மின்னோட்டம் ஒரு நொடியிற் பாயும். ஸ்பனர் பழுக்கக் காயும். உலோகம் உருகித் தெறிக்கும். கையிலே மோதிரம் இருந்து அதுவும் அச்சுற்றில் அகப்பட்டால், விரலைச் சுற்றி நெருப்பு வளையம் இட்டதுபோலாகும். இக்கரையோர ஊர்களில் ஆண்கள் பலர் வெள்ளி மோதிரம் அணிவர். உலோகங்கள் யாவற்றிலும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. ஆகவே வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பது முதற் கடமையாகும்.

இரண்டாவது, கழற்றும் ஒழுங்கு. உலோக உடலோடு இணைந்த கம்பியையே முதலிற் கழற்றல் வேண்டும். அப்போது ஸ்பனர் இரும்பிற் பட்டாலும் தீங்கில்லை. இரண்டும் ஒரே முனையைச் சார்ந்தவை அல்லவா? அக்கம்பி நீங்கியபின், மற்ற முனையைக் கழற்றும்போது மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியே இல்லை. பூட்டும்போது அதே கம்பியை இறுதியிற் பூட்டுதல் வேண்டும். இன்றைய வண்டிகளில் அது எதிர்முனைக் கம்பி. ஆனால் இன்றும் ஓடும் பழைய மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். எனவே நிறத்தை மட்டும் நம்பாது, கம்பி எங்கே செல்கின்றதென்று பார்த்தறிவது நன்று.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மின்னேற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகின்றது. காற்றிலே நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றும் தன்மையை அடையும். ஒரு சிறு பொறி பட்டாற் பற்றரி வெடித்துச் சல்பூரிக்கமிலம் முகத்திலே தெறிக்கலாம். ஓய்ந்துபோன பற்றரிக்கு வேறொரு வண்டியிலிருந்து கம்பி கொடுக்கும்போது, இறுதி இணைப்பிலே பொறி பறப்பது வழக்கம். ஆகையால் எதிர்முனைக் கம்பியின் கடைசி நுனியை ஓய்ந்த பற்றரியிற் பூட்டாது, அதற்கு விலகி, இயந்திரத்தின் வண்ணம் பூசாத இரும்பிற் பூட்டுதல் வேண்டும். கடற்காற்று வீசும் இப்பகுதியில் முனைகள் விரைவிற் கறள் பிடித்து இணைப்புத் தளர்வதுண்டு. தளர்ந்த இணைப்பிலும் பொறி பறக்கும். பற்றரியின் அருகிற் புகைபிடித்தல் ஆகாது. கண்ணில் அமிலம் பட்டால் உடனே தூய நீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமற் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

பெற்றோல் வண்டிகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. கொயில் என்னும் கருவி 12 வோல்ற்றை இருபதினாயிரம் வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்தி, ஸ்பாக் பிளக்கிற் பொறியை உண்டாக்குகின்றது. இயந்திரம் ஓடும்போது அக்கம்பியைத் தொடுபவரின் கை தன்னையறியாமல் உதறிச் சுழலும் விசிறியில் விழக்கூடும். இதயத்திற்குத் துடிப்புக் கருவி பொருத்தியோர் அவ்விடத்தை அணுகாதிருத்தல் வேண்டும். டீசல் இயந்திரங்களுக்குப் பொறி வேண்டுவதில்லையாதலால் இவ்வாபத்து அவற்றில் இல்லை.

இக்காலத்தில் இலங்கை வீதிகளிற் பெருகியுள்ள ஹைபிரிட் வண்டிகள் முற்றிலும் வேறானவை. டொயோட்டா பிரியஸ் வண்டியின் பெரிய பற்றரி ஏறத்தாழ 200 வோல்ற் உடையது. சில பாகங்களில் அது 500 வோல்ற்றும் அதற்கு மேலும் உயர்த்தப்படுகின்றது. இங்கே அதிர்ச்சியே உயிரைப் போக்கும். செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகள் அதற்கான எச்சரிக்கை அடையாளம். இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்குமாதலால், பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் அவற்றைத் தீண்டலாகாது.

திறப்பை எடுத்துவிடுதல், மோதிரத்தைக் கழற்றுதல், உடற்கம்பியை முதலில் நீக்குதல் ஆகிய மூன்றிற்கும் சில நிமிடங்களே செல்லும். அறுவடைக் காலத்து அவசரத்திலே அந்நிமிடங்கள் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் தொழில் பழகும் இளைஞனுக்குக் கையும் கண்ணுமே முதல். அம்முதலை இழந்தபின் எந்த அறுவடையும் அதனை மீட்டுத் தராது.