கந்தலின் விலையும் கைகளின் கூலியும்

பழந்துணியிலிருந்து செய்த பைகளும் போர்வைகளும் பெருநகரக் கடைகளில் இன்று நல்ல விலைக்கு விற்கின்றன. கழிவு குறைகிறது, கைத்தொழில் பிழைக்கிறது என்கிறார்கள். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆனால், அந்த விலையில் தைத்தவருக்குச் சேர்வது எவ்வளவு? வங்கத்தின் 'காந்தா' தையலைக் கொண்டு இதனை ஆராயலாம்.

நம் 'கந்தை' என்னும் சொல்லுக்கு உறவான பெயர் அது. உடுத்து நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்குகளாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைப்பார்கள். வண்ண நூலும் பெரும்பாலும் வாங்கியதன்று. பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவியது. பலமுறை வெளுத்த பருத்தியின் மென்மை குழந்தையைப் போர்த்த ஏற்றது. (இன்றைய பாலியெஸ்டர் கலப்புத் துணி எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் பதத்துக்கு வருவதில்லை.)

மூலப்பொருளுக்குச் செலவில்லை. உழைப்புக்கும் கூலியில்லை. மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் தைத்த பெண்ணின் பிற்பகல்களை எவரும் கணக்கெழுதவில்லை. அப்பொருள் சந்தைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு போர்வைக்கு 150 மணி நேரம் ஆவதாகக் கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் என்றாலும் கூலி மட்டுமே 7,500 ரூபாய். அதனை 4,000 ரூபாய்க்கு விற்றால், முழுத்தொகையையும் தைத்தவரிடமே கொடுத்தாலும் மணிக்கு 27 ரூபாய்கூடத் தேறாது. எஞ்சியதை அப்பெண்ணே மானியமாக அளிக்கிறார் என்பதே இதன் பொருள்.

இன்று காந்தா சேலைகளாக விற்பனையாவன பெரும்பாலும் புதுத்துணியில், குறிப்பாகப் பட்டில், தைக்கப்படுபவை. கந்தலில் பிறந்த கலை கந்தலைவிட்டு விலகியதில் வியப்பில்லை. அதே உழைப்பு பட்டின்மீது ஏறினால் கூடுதல் விலை பெறுகிறது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்குமேயன்றி, கூலியைக் காக்காது.

துண்டுக் கூலிக்கும் கீழ்வரம்பு நிர்ணயிக்க 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இடமளித்தது. ஆயினும், இடைத்தரகர் வழியாக வீட்டில் இருந்தபடி தைப்பவரிடம் அச்சட்டம் எளிதில் சென்றடைந்ததில்லை. எனவே, அரசு விற்பனை நிலையங்களேனும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஆகும் நேரத்தை அளந்து, அதன்பின் கூலியை வகுக்க வேண்டும். எத்தனை சேலைகள் குப்பைக்குப் போகாமல் தடுக்கப்பட்டன என்று அச்சிடும் அட்டையிலேயே, தைத்த மணி நேரத்தையும் கொடுத்த கூலியையும் அச்சிடலாம். வகுத்துப் பார்க்க வாங்குபவருக்குத் தெரியும்.