சண்டிபுரா காய்ச்சலும் மணல் ஈயும்

மூளைக்காய்ச்சல் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது கொசுவே. அது இயல்புதான். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 1955-ஆம் ஆண்டில் அறியப்பட்டது வேலூர்ப் பகுதியில் அன்றோ! ஆயினும், ஐதராபாத்திலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் மற்றொரு நோயின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சண்டிபுரா என்பது நாகபுரிக்கு அருகிலுள்ள ஓர் ஊர். 1965-இல் அங்குக் காய்ச்சலுற்ற இருவரின் குருதியிலிருந்து புனே ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தனர். வெறிநாய்க்கடி நோயின் வைரஸும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் நெடுங்காலம் இதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2003-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தில் நிலைமை மாறியது. கரீம்நகர், வாரங்கல் முதலிய மாவட்டங்களில் நலமாயிருந்த குழந்தைகளுக்குத் திடீரெனக் கடுங்காய்ச்சல் கண்டது. வாந்தியும் வலிப்பும் தொடர்ந்தன. பின்னர் நினைவு தப்பியது. நோயுற்ற 329 குழந்தைகளுள் 183 பேர் மாண்டனர். இறந்தோருட் பலர் நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் உயிர்நீத்தனர். இது மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்களின் கோளாறோ என்று மருத்துவரிடையே வாதமும் நிகழ்ந்தது. புனே ஆய்வாளர் குழந்தைகளின் உடலிலிருந்து சண்டிபுரா வைரஸைக் கண்டெடுத்தனர். 2024-இல் குஜராத்திலும் அது குழந்தைகளைத் தாக்கிற்று.

இதனைப் பரப்புவது மணல் ஈ. கொசுவினும் மிகச் சிறியது. உயரப் பறவாது, தத்தித் தத்திச் செல்லும். பகலில் மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒளிந்திருந்து, அந்தியில் வெளிப்பட்டுக் கடிக்கும். தேங்கிய நீரில் அன்றி, சாணமும் குப்பையும் மட்கிய ஈரமண்ணில் முட்டையிடும். ஆகவே நீர்த்தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. சுவர் வெடிப்பை அடைத்துப் பூசவும், சாணக் குவியலை வீட்டருகினின்று அகற்றவும் வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்களுள் இது நுழைந்துவிடும். நெருக்கமான கண்ணுள்ள வலையே பயன்தரும். கட்டட வேலைத்தலங்களில் குடிசையிட்டுத் தரையில் உறங்கும் நம் மக்கள் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி இந்நோயைத் தடுக்காது. இதற்கெனத் தனி மருந்தும் இல்லை. வலிப்பை அடக்கி, மூளை வீக்கத்தைத் தணித்து, மூச்சைக் காப்பதே மருத்துவர் செய்யக்கூடியது. அதனைத் தாமதமின்றிச் செய்தாக வேண்டும். காய்ச்சலுடன் வலிப்போ மயக்கமோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஐதராபாத்தில் குழந்தைகளுக்கென்றே நிலோஃபர் அரசு மருத்துவமனை உள்ளது. தெலுங்கு தெரியாதே என்று தயங்கவேண்டா. ஜ்வரம் என்ற சொல் அங்கே எவர்க்கும் விளங்கும். காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, வலிப்பு எப்போது வந்தது என்பவற்றை மட்டும் மறவாது சொல்லுங்கள்.