விழுந்தால் விழட்டும்

2018 ஜூன் 2. நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு மதுக்கூடம். பாட்டும் ஆட்டமுமாக இருந்த கூட்டத்தின் நடுவே ஒருவர் பின்னோக்கிக் கரணம் அடித்தார். எஃப்.பி.ஐ. அதிகாரி அவர், அன்று பணியில் இல்லை. கரணம் அடித்த வேகத்தில் இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்தபோது அது வெடிக்கவில்லை.

பதறிப்போய்க் குனிந்து அவர் அதை அள்ளினார் பாருங்கள், அப்போதுதான் வெடித்தது. அங்கிருந்த ஒருவரின் காலில் தோட்டா பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார். அதிகாரியோ தாக்குதல் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. பலரும் கரணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது அதற்கடுத்த ஒரு நொடியைத்தான்.

துப்பாக்கி பழக வருபவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடங்களில் வினோதமானது இது: கைநழுவினால் பிடிக்காதே. கேட்க எளிதாக இருக்கும், செய்வது கடினம். டம்ளர் நழுவினாலும், போன் நழுவினாலும், நாம் நினைப்பதற்கு முன்பே கை பாய்ந்துவிடுகிறது. தெருக் கிரிக்கெட்டில் 'கேட்ச்' விட்டவன் வாங்கிய திட்டெல்லாம் அந்தக் கைக்குள் பதிந்திருக்கிறதே!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடுப்பளவு உயரம், அதாவது சுமார் ஒரு மீட்டர், விழுந்து தரையைத் தொட ஒரு பொருளுக்கு 0.45 நொடி ஆகும். கண் பார்த்துக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். மிச்சமிருப்பது கால் நொடி. அதற்குள் கை போய்ச் சேரலாம். எந்த விரல் எங்கே பட வேண்டும் என்று தீர்மானிக்க நேரமில்லை. விழும் துப்பாக்கி சுழன்றுகொண்டு வேறு வருகிறது. குழல் பிடிப்பவரின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கலாம். விரல் நுழைவதற்கென்றே செய்த வளையத்துக்குள் கட்டை விரலோ சுண்டு விரலோ நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. இன்றைய கைத்துப்பாக்கிகள் பலவற்றின் விசையை இழுக்க இரண்டரைக் கிலோ அழுத்தமே போதும். பதற்றத்தில் இறுகும் கைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நிலை தடுமாறும்போதும் திடுக்கிடும்போதும் விரல்கள் தாமாகவே இறுகுவதை உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா விளக்கி எழுதியிருக்கிறார்.

சரி, விட்டுவிட்டால் தரையில் மோதி வெடிக்காதா? நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் வெடித்ததுதான். 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் சுத்தியின் நுனி தோட்டாவின் பின்புறத்தை ஒட்டியே இருக்கும். கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டால் போதும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்திக்கு நேரான அறையைக் காலியாக வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன் பிறகு சுத்தியைத் தடுக்கும் பாகத்தை அந்த நிறுவனம் மாற்றியமைத்தது. 1980-களில் வந்த ஆஸ்திரியாவின் கிளாக்கில், விசையை இழுத்தாலொழிய உள்ளிருக்கும் ஊசி முன்னே நகராது. கலிபோர்னியா மாநிலத்தில் கைத்துப்பாக்கியை ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரத்திலிருந்து கான்கிரீட்டில் பல கோணங்களில் போட்டுப் பார்த்த பிறகே விற்பனைக்கு ஏற்கிறார்கள்.

இருந்தாலும் எல்லாத் துப்பாக்கியையும் நம்பிவிட முடியாது. சிக் சவர் நிறுவனத்தின் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது விசை தன் எடையாலேயே பின்னால் நகர்ந்து சுட்டுவிடலாம் என்று தெரியவந்ததும், 2017 ஆகஸ்டில் எடை குறைந்த விசையை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. 2024 அக்டோபர் 1 அதிகாலை, மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா உரிமம் பெற்ற தன் ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது நழுவி விழுந்து வெடித்ததாக அவருடைய மேலாளர் சொன்னார். குண்டு காலில் பாய்ந்தது. வைப்பதற்கு முன்பே தோட்டாக்களை எடுத்திருந்தால் அது வெறும் இரும்புத் துண்டாகத்தான் விழுந்திருக்கும்.

ஆகவே பயிற்சியாளர்கள் சொல்லும் முறை இதுதான்: கையை விலக்கு, முடிந்தால் காலையும் விலக்கு. அது தரையில் அடங்கட்டும். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனி. பிறகு பிடியைப் பற்றி, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, ஆளில்லாத பக்கம் திருப்பியபடி எடு. தோட்டாவை நீக்கு. சமையற்கட்டில் நழுவும் கத்திக்கும் இதே முறைதான். அங்கே தோட்டா இல்லை, அவ்வளவே.

கைத்துப்பாக்கிப் போட்டிகளை நடத்தும் ஐ.பி.எஸ்.சி. அமைப்பு இந்த விஷயத்தில் கறாரானது. சுட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கியைக் கீழே போட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். சுடாத நேரத்தில், தோட்டா இல்லாத துப்பாக்கி தவறி விழுந்தால் மன்னிப்பு உண்டு. ஆனால் அதைத் தானே குனிந்து எடுப்பவருக்கு இல்லை. வீரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். களத்து அதிகாரி வந்து, எடுத்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறையிலோ பையிலோ வைத்துவிடுவார்.