இயந்திரக் கைகளுக்கு ஒரு கூட்டுறவுப் பணிமனை

இயந்திரம் வந்து இறங்கும் நாளில் அதற்குச் சந்தனமிட்டு, மாலை சூட்டி, கற்பூரம் காட்டுகிறோம். அது பழுதாகி நின்றுவிட்டாலோ, சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு மூலையில் தள்ளிக் கோணியைப் போர்த்திவிடுகிறோம். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. தெளிப்பான், நீரேற்றும் பம்பு, நூல் சுற்றும் கருவி என்று இவ்வாறு கிடக்கும் பொருள்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இப்பொழுது ரோபோ என்னும் இயந்திரக் கைகளைப் பற்றிய பேச்சு நம் சங்கங்களிலும் எழுந்துள்ளது. வாங்குவதா, வேண்டாமா என்று வாதிடுவதற்கு முன்னர், அத்தகைய இயந்திரத்தைச் சோதித்து, வாடகைக்கு விட்டு, ஆயுள் முடிந்தபின் பிரித்தெடுக்கும் ஒரு பொதுப் பணிமனை எப்படி அமைய வேண்டும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இயந்திரக் கை என்பது யாது?

பெயரைக் கேட்டு மனித உருவத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டுவதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற மூட்டுகளைக் கொண்ட ஓர் இரும்புக் கை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மின்மோட்டார். அவற்றை ஆட்டிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இவ்வளவே. ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால் அதையே செய்யும். வேறு வேலையைச் சொல்லிக்கொடுத்தால் அதையும் செய்யும். இந்த இரண்டாவது குணமே இதைச் சாதாரண இயந்திரத்தினின்றும் வேறுபடுத்துகிறது. வாடகைக்கு விடுவதற்கு ஏற்றதாக ஆக்குவதும் அதுவே.

இத்தகைய கை முதன்முதலில் 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு மோட்டார் கார்த் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டது. சுடச்சுட வார்க்கப்பட்ட உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் பணி. இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,510 தொழிற்சாலை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டதாக ரோபோக்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு கணக்கிட்டுள்ளது. வேறெந்தத் தொழிலையும்விட மோட்டார் வாகனத் தொழிலுக்கே அவற்றில் அதிகமானவை சென்றன.

நம் இராமநாதபுரம் மாவட்டமும் இவ்வகை இயந்திரங்களை அறியாததன்று. கமுதியில் 2016ஆம் ஆண்டில் நிறைவுற்ற 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பலகைகள் 2,500 ஏக்கர் பரப்பில் நிற்கின்றன. அவற்றின் மீது படியும் புழுதியைத் துடைப்பதற்கு, சூரிய ஒளியாலேயே மின்னேற்றிக்கொள்ளும் தானியங்கித் துடைப்பான்கள் அமைக்கப்பட்டன. கை வடிவம் இல்லாவிடினும் அவையும் ரோபோக்களே. பெரிய நிறுவனம் தன் இயந்திரங்களைத் தானே சோதித்து, தானே பழுது பார்த்துக்கொள்ளும். ஐம்பது தறிகளைக் கொண்ட சங்கமும், மூன்று ஏக்கர் மிளகாய் வைத்திருக்கும் அங்கத்தினரும் என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

பிறர் கண்ட வழி

இக்கேள்வி ஜப்பானில் முன்பே எழுந்தது. சிறு தொழிற்சாலைகள் ரோபோவை விலைகொடுத்து வாங்க இயலாமல் நின்றபோது, 1980ஆம் ஆண்டில் ரோபோ உற்பத்தியாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ரோபோக்களைக் குத்தகைக்கு விடுவதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அரசாங்கமும் அதற்கு ஆதரவளித்தது. நமக்கும் இம்முறை புதிதன்று. வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெற்று உழுதிருக்கிறோம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவும் வேளாண் கருவிகளை வாடகைக்கு விட்டு வருகின்றன. டிராக்டருக்குச் செய்ததை இயந்திரக் கைக்கும் செய்யலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டிராக்டரின் பழுதைக் காதால் கேட்டே ஓட்டுநர் அறிவார். இயந்திரக் கையின் பழுது அவ்வாறு தெரியாது. ஆகவே சோதனைச் சாலை இல்லாத வாடகைக் கடை இதில் நிலைக்காது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் ஆகிய கரைகளில் வீசும் காற்றில் உப்புத்துளிகள் கலந்துள்ளன. இரும்பின் மீது படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துரு நிற்காமல் வளர்கிறது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய படலத்தையும் உப்பு உடைத்துக் குழி குழியாக அரிக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தைக் காப்பதற்கு இடைவிடாமல் வர்ணம் பூச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்கு அரிப்பைத் தாங்கும் விசேஷப் பூச்சும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தேவைப்பட்டன. பாலத்திற்கே இந்நிலை என்றால், மயிரிழை போன்ற கம்பிகளும் செப்பு முனைகளும் நிறைந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதியைக் கூற வேண்டுவதில்லை.

ஆகவே பணிமனையின் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் அமைவதே முறை. நெசவாளர் சங்கங்கள் மிகுந்ததும், மதுரை–இராமேஸ்வரம் ரயில் பாதையில் அமைந்ததுமான பரமக்குடிப் பகுதி இதற்கு ஏற்றது. கடற்கரையில் வேண்டுவது ஒரு சிறு வேலி அடைத்த திடலே. அங்கே இயந்திரத்தின் உறுப்புகளையும் பூச்சு பூசிய தகடுகளையும் வெயிலிலும் காற்றிலும் நிறுத்திவைத்து, மாதந்தோறும் அரிப்பை அளக்க வேண்டும். இதற்கு நமக்கு ஆசான் அருகிலேயே உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் அளித்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் முகாமின் கடற்காற்றில் உலோகங்களை நிறுத்தி அவை அரிபடும் அளவைக் கணக்கிட்டு வந்திருக்கிறது. உப்பு நீரைத் தெளித்துச் சோதிக்கும் பெட்டி எங்கும் கிடைக்கும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைசலை 35 பாகை வெப்பத்தில் தெளிப்பார்கள். எனினும் பெட்டிக்குள் இரவும் இல்லை, பனியும் இல்லை, சுடும் வெயிலும் இல்லை. கரையில் நிறுத்திப் பார்க்கும் சோதனைக்கு அது துணையாகுமேயன்றி மாற்றாகாது.

பணிமனைக்குள் பாதை ஒருவழியாகச் செல்ல வேண்டும். திரும்பி வரும் இயந்திரத்தின் மின்பகுதிகளை மூடி, முதலில் நன்னீரால் உப்பைத் துடைத்தெடுக்கும் இடம். அடுத்துச் சோதனைக் கூடம். அங்கிருந்து தேறியவை வாடகைக் கிடங்கிற்கும், தேறாதவை பழுது பார்க்கும் கூடத்திற்கும், முடிந்தவை பிரிப்புக் களத்திற்கும் செல்லும். பிரிப்புக் களத்திலிருந்து கிடங்கிற்கு நேர்வழி இருத்தல் ஆகாது. கழித்த உறுப்பு ஒன்று நல்ல இயந்திரத்தினுள் புகுவதைத் தடுக்க இது ஒன்றே வழி. துடைத்த நீரும் எண்ணெயும் மண்ணில் இறங்காதவாறு காறைத் தளமும், எண்ணெயைத் தனியே பிடிக்கும் தொட்டியும் அவசியம். வைகைப் படுகையின் கிணற்று நீரையே நாம் குடிக்கிறோம்.

சோதனையில் காண வேண்டியவை

முதலாவது, சொன்ன இடத்திற்குக் கை மீண்டும் மீண்டும் சரியாக வருகிறதா என்பது. சர்வதேசத் தர விதியின்படி, முழுச்சுமையை ஏற்றி, குறித்த ஐந்து இடங்களுக்கு முப்பது முறை அனுப்பி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறார்கள். புதிதில் எடுத்த அளவையும், ஒவ்வொரு வாடகைக்குப் பின்னரும் எடுத்த அளவையும் ஒரே ஏட்டில் எழுதிவந்தால், மூட்டின் பற்சக்கரம் தேய்வது பழுதாவதற்கு முன்பே புலப்படும்.

இரண்டாவது, ஆள் பாதுகாப்பு. வேலை கற்பிக்கும்போது கையின் முனை விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. கற்பிப்பவர் கையில் வைத்திருக்கும் பலகையில் ஒரு பொத்தான் உண்டு. அதை இதமாக அழுத்தியிருந்தால்தான் கை அசையும். பயத்தில் விட்டுவிட்டாலும் நிற்கும். பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். இந்தப் பொத்தான் வேலை செய்யாத இயந்திரம், வேறு எவ்வளவு சிறப்புடையதாயினும், கிடங்கைவிட்டு வெளியே போகக்கூடாது.

மூன்றாவது, தூசியும் நீரும் புகாத தன்மை. மிளகாய்க் களத்தின் தூளும், சாயப்பட்டறையின் நீராவியும் நம் வட்டாரத்துச் சோதனைகள். பெட்டியின் மீது எழுதியுள்ள எண்ணை நம்பாமல், மிளகாய்த் தூள் நிறைந்த அறையிலேயே சில நாள் ஓட்டிப் பார்ப்பது நலம்.

வாடகைக் கணக்கு

இங்கேதான் சங்கங்கள் தவறுகின்றன. ஆகவே ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். இயந்திரத்தின் விலை 12,00,000 ரூபாய் என்று கொள்வோம். எட்டு ஆண்டு உழைக்கும். கடைசியில் உறுப்புகளும் உலோகமும் 1,00,000 ரூபாய்க்குப் போகும். பிரிக்கும் செலவு 40,000 ரூபாய். விலையிலிருந்து ஒரு லட்சத்தைக் கழித்து, நாற்பதாயிரத்தைக் கூட்டினால் 11,40,000 ரூபாய். எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 1,42,500 ரூபாய். சோதனைக்கும் பழுதுக்கும் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் சேர்த்தால் 2,42,500 ரூபாய் ஆகிறது. வட்டியையும் இயக்குபவர் கூலியையும் இதில் சேர்க்கவில்லை.

இயந்திரம் ஆண்டில் 200 நாள் வேலை செய்தால் ஒரு நாள் வாடகை சுமார் 1,213 ரூபாய். 100 நாள் என்றால் 2,425 ரூபாய். தனி ஒருவர் வாங்கி 20 நாள் மட்டும் உபயோகித்தால் நாளுக்கு 12,125 ரூபாய் அடக்கமாகிறது. உப்புக் காற்றைக் கவனியாமல் விட்டு, எட்டாண்டு ஆயுள் ஐந்தாண்டாகக் குறைந்தால், 200 நாள் வேலை இருந்தும் வாடகை 1,640 ரூபாயாக ஏறிவிடும். துடைக்கும் துணியும் கரையோரத் திடலும் வீண்செலவு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இருநூறு நாளை நிரப்புவது எப்படி? நெசவாளரும் விவசாயிகளும் சேர்ந்தால் நிரப்பலாம். முண்டு மிளகாய் மாசி, பங்குனி, சித்திரையில் களத்திற்கு வருகிறது. மூட்டை தூக்கவும் அடுக்கவும் அப்போது ஆள் தேவை. நெசவுச் சங்கங்களுக்குத் தீபாவளிச் சரக்கின் நெருக்கடி ஆடி முதல் ஐப்பசி வரை. கொதிநீர்ச் சாயத்தொட்டியிலிருந்து சிட்டா நூலைத் தூக்கும் அபாயகரமான வேலையை அப்போது கை ஏற்கலாம். ஒருவருடைய ஓய்வுக் காலமே மற்றவருடைய வேலைக் காலம். தனித்தனியே வாங்கினால் இருவரும் நஷ்டப்படுவர். ஒரே பணிமனையில் பங்கு கொண்டால் இருவருக்கும் கட்டுபடியாகும்.

ஒன்று கூறிவைக்கிறோம். நெய்தல் கையாலேயே நடக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் காப்பதும் அந்தத் தொழிலையே. வாடகை இயந்திரம் தறிமேடையை அணுகலாகாது. மூட்டை சுமக்கும் தொழிலாளரின் கூலியையும் நாம் மறக்கலாகாது. ஒரு களத்திற்கு இயந்திரம் போகுமானால், அதை இயக்கப் பழகும் முதல் உரிமை அக்களத்தில் சுமந்தவருக்கே உரியது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுதல் நேர்மை.

பிரித்தெடுத்தல்

ஆயுள் முடிந்த கையைக் காயலான் கடைக்காரர் சுத்தியலால் உடைத்தால் ஆபத்தும் நஷ்டமும் ஒருங்கே விளையும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். மூட்டின் தடையைத் தளர்த்தினால் கை தன் எடையிலேயே விழும். முன்னதாகச் சங்கிலியால் தாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கைகளில் எடையைச் சமன்செய்ய இறுக்கிவைத்த சுருள்வில் இருக்கும். அதைத் தயாரிப்பாளர் கூறிய முறைப்படியே கழற்ற வேண்டும்.

பின்னர் வரிசையாகப் பிரிக்கலாம். நினைவிலுள்ள வேலைக் குறிப்புகளை முதலில் அழித்துவிடுவது அவசியம். ஒரு சங்கம் கணக்கிட்டுச் சேர்த்த வேலைமுறை மற்றொருவர் கைக்குப் போகலாகாது. நல்ல மோட்டார்களையும் பற்சக்கரப் பெட்டிகளையும் சோதித்து உதிரி உறுப்புகளாக வைக்கலாம். மூட்டுகளிலுள்ள மசகைத் தனியே வடிக்க வேண்டும். செம்பு, அலுமினியம், வார்ப்பிரும்பு ஆகியவை தனித்தனிக் குவியலாகும். மோட்டாரினுள் இருக்கும் நியோடிமியக் காந்தம் விலையுயர்ந்தது; இரும்புடன் கலந்து உருக்கினால் வீணாகும். மின்சுற்றுப் பலகைகளையும் மின்கலங்களையும் நாம் எரிக்கவோ உருக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும், 2022இன் மின்கலக் கழிவு விதிகளும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களைப் பற்றிக் கூறுகின்றன. அத்தகையோரிடம் ஒப்படைத்து ரசீது பெறுவதே நம் வேலை.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சாரம் இதுவே: இயந்திரத்தின் கடைசி நாளைக் கணக்கிட்ட பின்னரே அதன் முதல் நாள் வாடகையைக் கணக்கிட முடியும். பிரிக்கும் செலவையும் உப்பின் தேய்மானத்தையும் சேர்க்காத வாடகை, பார்வைக்கு மலிவாகத் தோன்றிப் பின்னர் சங்கத்தின் பங்கு முதலைத் தின்றுவிடும்.

பணிமனை எழுப்புவதற்கு முன் நம் சங்கங்கள் செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த பொதுக்குழுவில், எந்தெந்த வேலைக்கு, எந்த மாதத்தில், எத்தனை நாள் இயந்திரக் கை வேண்டும் என்று அங்கத்தினர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதட்டும். நெசவுச் சங்கத்தின் தாளையும் விவசாயச் சங்கத்தின் தாளையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்ப்போம். இருநூறு நாள் தேறுமானால் மேற்கொண்டு பேசலாம். தேறாவிடில், தாழ்வாரத்தில் மற்றொரு கோணி போர்த்த நேராமல் தப்பினோம் என்று மகிழலாம்.