மைனஸ் 15-ல் வெளியே, 0-வில் வீட்டுக்குள்ளே

பின்லாந்தின் ஔலுவுக்கு வந்த புதிதில், குளிர் கூடக் கூட சைக்கிள் ஓட்டுவது ஆபத்து என்றுதான் நினைத்தேன். நேர்மாறு! மைனஸ் 15 டிகிரியில் பனிக்கட்டி காய்ந்து இறுகியிருக்கும்; ஆணி பதித்த டயர் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். வம்பே 0 டிகிரியில்தான். பகலில் உருகி மறுபடி உறைந்த ஐஸ், அதன் மேல் மெல்லிசா ஒரு தண்ணிப் படலம். முன்சக்கரம் வழுக்கினால் காலூன்ற நேரமே கிடைக்காது. சாதா டயரை நம்பிப் போய் என் மணிக்கட்டு வீங்கியது அப்படித்தான், அதுவும் வீட்டு வாசலிலேயே.

அந்த மாதிரி நாட்களில் இப்போது உள்ளேயே டிரெய்னரில் மிதிக்கிறேன். அங்கே வேற தொல்லை: எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை காயாது, உடம்பு சூடேறி, அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். வெளியே பனி, உள்ளே எனக்கு ஃபேன்! காலுக்குப் பயிற்சி கிடைக்கிறது. வளைவில் சாய்ந்து சமாளிக்கும் பழக்கம் மட்டும் வருவதில்லை. அதற்காகவே மைனஸ் 10-க்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.